எந்த மொழியில் மன்னிப்பு

பெயர் தெர்லிஸ் ஒவெலார், வயது பதினேழு. பராகுவேயின் ககுவாசு நகரில், பேருந்து நிலையத்தின் பின்தெருவில் அக்கா நிமியாவுடன் வசிக்கிறேன். பதினெட்டு ஆகாததால் அக்கா அருகில் இருக்க, காவல் நிலையத்தில் இந்த வாக்குமூலத்தைச் சொல்கிறேன்.

முதலாளி தொன் வில்ஃபிரிடோவின் விதை, உரக் கடையில் அக்கா விற்பனையில் இருந்தாள். நான் மூட்டை தூக்குவேன், வாசல் ஒலிபெருக்கியில் சலுகைகளையும் அறிவிப்பேன். முதுகுக்கும் வாய்க்கும் சேர்த்து ஒரே சம்பளம். சென்ற மாதம் முதலாளி, தலைநகரிலிருந்து உரக் கம்பெனிக்காரர்கள் வந்துபோவதால் கடைக்குள் ஸ்பானிஷ் மட்டுமே பேச வேண்டும், எங்கள் நாட்டுப் பேச்சான குவரானியைப் பேசினால் வேலை போகும் என்று உத்தரவிட்டார். வருகிறவர்களில் பலருக்குக் குவரானி தவிர வேறு தெரியாதே என்று அக்கா சொன்னதற்கு, விரலால் காட்டி விற்கச் சொன்னார்.

கடந்த திங்களன்று, கிறிஸ்புலோ என்ற மரவள்ளி விவசாயி ஒரு களைக்கொல்லியைக் காட்டி, இதைப் பயிர்மேல் அடிக்கலாமா என்று குவரானியில் கேட்டார். அடித்தால் மொத்தமும் கருகிவிடும் என்று அக்கா குவரானியிலேயே சொன்னாள். கம்பெனிக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். அன்று மாலையே முதலாளி அக்காவை வேலையிலிருந்து நீக்கினார். கருகிவிடும் என்பதை விரலால் எப்படிக் காட்டுவது என்று நான் கேட்டேன். 

மறுநாள், கடை நிறைய ஆள் இருந்தபோது, மைக்கை எடுத்து முதலாளியின் உத்தரவைக் குவரானியில் அறிவித்தேன். "ஐயாமாரே, அம்மாமாரே, இந்தக் கடையில இனிமே ஸ்பானிஷ் மட்டுந்தான். தெரியாதவங்க எதிர்க்கடைக்குப் போயிக்கலாம்." எதிர்க்கடை மட்டும் நான் சேர்த்த சலுகை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜனங்கள் எடுத்த சாமானை வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தார்கள். முதலாளி வாசலுக்கு ஓடிவந்து, "திரும்பி வாங்கப்பா, இவன் கெடக்கான் வாயாடிப் பய, நான் என்ன நம்ம பேச்சு தெரியாதவனா" என்று கத்தினார். சுத்தமான குவரானி. உத்தரவுப்படி அவருக்கும் வேலை போயிருக்க வேண்டும் என்று அங்கேயே சொன்னேன். அவர் புகார் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

இங்கே அதிகாரி சமரசம் பேசினார். நான் அதே மைக்கில் மன்னிப்புக் கேட்டால் புகாரைத் திரும்பப் பெற்று, அக்காவையும் சேர்த்துக்கொள்வதாக முதலாளி இறங்கிவந்தார். சம்மதித்தேன். எந்த மொழியில் என்று கேட்டேன். ஸ்பானிஷில் என்றார் முதலாளி. எதிர்க்கடைக்குப் போனவர்களுக்கு அது புரியாதே என்றார் அதிகாரி. அப்படியானால் குவரானியில் கேட்கட்டும் என்றார் முதலாளி.

"சரிங்க மொதலாளி. அப்போ அக்காவும் அதுலயே பேசலாமுல்ல?"

"அது வேற, இது வேற."

அக்கா, "நான் விரலைக் காட்டிக்கிட்டு நிக்கமாட்டேன். நீ வாக்குமூலம் எழுதிக் குடுத்துட்டு வாடா, போலாம்" என்றாள். சமரசம் அத்துடன் முறிந்தது.

நான் குவரானியில் சொன்னதை அதிகாரி கேட்டுச் சிரித்து, அலுவலக வழக்கப்படி ஸ்பானிஷில் எழுதி, திரும்பக் குவரானியில் வாசித்துக் காட்டினார். நான் சொன்னது உண்மை. வாசித்ததும் அதுவே. நடுவில் ஸ்பானிஷில் எழுதியிருப்பதற்கும் சேர்த்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) தெர்லிஸ் ஒவெலார்