ஓடுகிற கரை

எண்பதுகளில் ஒரு காலை, பசியாவரம் தீவிலிருந்து ஏரியைத் தாண்டி பழவேற்காட்டுக்கு நான் வந்த படகில் கழி ஊன்றிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "நம்ம கரை ஓடுது தங்கச்சி. நேத்து பொழுது சாஞ்சதும் என் கண்ணால பார்த்தேன்" என்றார்.

"இன்னாண்ணே சொல்ற?" என்றாள் இறால் கூடையோடு உட்கார்ந்திருந்தவள்.

"மெட்ராஸ்காரங்க டெலஸ்கோப்பு எடுத்தாந்தாங்க இல்ல, அதுல ஒரு கம்ப்யூட்டர் பொட்டி. ரெண்டு நட்சத்திரத்தைக் காட்டி, இது இன்னதுன்னு பட்டனை அமுக்கினாங்க. மூணாவதை அதுவே திரும்பிப் புடிச்சுது! நடுவுல ஆடாம நிக்குது."

"அம்மாடி!"

"அப்பால அதைத் திருப்புற மோட்டாரை நிறுத்தினாங்க. நட்சத்திரம் வழுக்கினே போயி ஓரத்துல மறைஞ்சிடுச்சு. அது போவலையாம். நாம நிக்கிற தரைதான் சுத்துதாம். அந்தச் சுத்தலுக்கு எதிரா மோட்டாரு மெல்லத் திருப்பிக்கினே இருந்துச்சாம்."

அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நாம நங்கூரம் போடறதெல்லாம் எதுலண்ணே?"

அவர் கழியை இன்னும் அழுத்தி ஊன்றினார். கரை வந்ததும் படகைக் கம்பத்தில் கட்டினார். கம்பத்தை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு முடிச்சும் போட்டார்.