ஒரு கல்லுகூட விழாது

— தொண்டை சுத்தமா அடைச்சிப்போச்சுடா மாயவா. பக்கத்துல நிக்கிற உனக்கே காத்துதான் கேக்குது. குழிக்குள்ள கல்லு பொறுக்குற சனத்துக்கு எங்க கேக்கப்போவுது? நீ ஒரு கொரல் குடு.

— வேற யாரையாச்சும் கூப்புட்டுக்கப்பா.

— யாரக் கூப்புட? மேஸ்திரி செல்லமுத்து எதிர்க்கரையில திரியோட குந்திக்கிட்டிருக்கான். பாறையில வெடித் தோட்டா வச்சி மண்ணு கெட்டிச்சாச்சு. நான் இந்தச் செவப்புத் துணிய எறக்குனா பத்த வச்சிருவான். அதுக்குள்ள சனம் மேல ஏறியாவணும்.

— துணிய ஆட்டு. பாத்துட்டு வந்துருவாங்க.

— ஆமா, தலையில கல்லுக்கூடையோட அண்ணாந்து உன் துணியப் பாக்கப் போறாளுவ. ஏன்டா, பட்டாளத்துல சோறு தின்னவனுக்குக் கல்லுக்குழியில கூவுறது கேவலமா இருக்கா?

— அப்படி இல்லப்பா.

— பின்ன எப்படி? வேற பட்டாளத்துல இருக்குற கொளஞ்சியப்பன் மவன் லீவுல வந்தப்ப டீக்கடையில சொல்லிட்டுப் போனான். யாழ்ப்பாணத்துக்குப் போன உங்க பட்டாளக் கூட்டத்துலயே தமிழ் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானாம். ஜீப்புல மைக்கு கட்டி உன்னத்தான் பேச வச்சாங்களாம். அரியமுத்து மவன் கவர்மெண்டு மைக்குல பேசுறான்னு குன்னம் சந்தை வரைக்கும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அங்க பேசுன வாய்க்கு இங்க என்னா வந்துச்சு?

— அதப் பத்திப் பேசாத.

— பேசல. கூவு. செல்லமுத்து கைய ஆட்டுறான் பாரு.

— என்னான்னு கூவுறது?

— புதுசா கேக்குறான் பாரு. நான் வெறும் 'வெடி வெடி'தான். நீதான் சின்னப் புள்ளையில என் தோள் மேல குந்திக்கிட்டு நீட்டி மொழக்குவ. பொம்பளைங்க சிரிச்சிக்கிட்டே ஏறி வருவாளுவ. அதையே கூவு.

— வெடீ... வெடி வைக்கிறோம்... எல்லாரும் புளியமரத்தடிக்குப் போயிடுங்க... அரியமுத்து மவன் சொல்றேன்... அங்க ஒரு கல்லுகூட உங்க மேல வுழாது...

— அப்படிப் போடு. கொரலுன்னா இது கொரலு. வராளுவ பாரு. ஏ பாப்பாத்தி, கூடையக் கெடாசிட்டு வாடி, அது ஓடியா போவுது? ... இருடா. பாறைக்குக் கீழ அது யாரு? கூடையக் கவுத்துப் போட்டு அது மேல குந்திட்டா.

— யாருப்பா அது?

— சிலோன்காரி. லீலாவதின்னு பேரு. அகதிங்க கேம்ப்புலேருந்து வேலைக்கு வரா. நேத்து என் கொரலுக்கு மொத ஆளா ஏறி வந்தாளே. இன்னொருக்கா கூவு.

— அரியமுத்து மவன் சொல்றேன்... ஒரு கல்லுகூட...

— காதப் பொத்திக்கிறாடா. எறங்கி ஓடு. கையப் புடிச்சி இழுத்தாந்துரு. நான் துணிய ஒசத்திப் புடிச்சிருக்கேன்.

*

— அக்கா, எந்திரிங்க. தோட்டா வச்சிருக்கு.

— தெரியும்.

— தெரிஞ்சுமா குந்தியிருக்கீங்க? புளியமரத்தடிக்குப் போயிட்டா...

— ஒரு கல்லுகூட விழாது. என்ன? சொல்லும் தம்பி. அண்டைக்கு மைக்கில சொன்ன மாதிரியே சொல்லும்.

— என்னைக்கு?

— போன ஐப்பசியில. எங்கட தெரு, ஒழுங்கை எல்லாம் ஜீப்பில வந்து சொன்னீர். எல்லாரும் வீட்டை விட்டுப் பிள்ளையார் கோயில் மண்டபத்துக்குப் போங்கோ, அரியமுத்து மகன் சொல்றன், ஒரு கல்லுகூட விழாதெண்டு. ஷெல் விழுகிற நேரத்தில இவர் ஏன் கல்லைப் பற்றிக் கதைக்கிறார் எண்டு என்ர மனிசன் சிரிச்சவர். பிறகு, ஆரோ பெரிய ஆளாக்கும் அந்த அரியமுத்து, அவற்ற மகனே சொல்றார், வா போவம் எண்டார்.

— என்ன பேசுறதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கலக்கா. சனத்த அங்க வரச்சொல்லுன்னாங்க. எனக்குச் சனத்த ஒதுக்கத் தெரிஞ்சது இந்தக் குழியில கூவுனதுதான். அதுதான் வாயில வந்துச்சு.

— எங்கட பாஷையில கேட்ட குரல். சனம் நம்பிச்சுது. மனிசனும் ரெண்டு பிள்ளையளும் முன்னுக்குப் போச்சினம். நான் ஆட்டை அவிழ்த்துவிட்டிட்டு வாறன் எண்டு பின்னுக்கு நிண்டனான். உம்மட சொல்லைக் கேளாமல் நிண்டபடியாத்தான் இண்டைக்கு இங்க கல்லுச் சுமக்கிறன்.

— எங்காளுங்க அங்கயே ஷெல் அடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா...

— சத்தியம் வேண்டாம். நீர் காட்டுற இடத்துக்கு நான் போகமாட்டன். அவ்வளவுதான்.

— என்னடா மாயவா, ஒரு பொம்பளையக் கெளப்ப இவ்ளோ நேரமா? அங்க செல்லமுத்து தலையில அடிச்சிக்கிறான். துணியக் கொம்புல கட்டிட்டு வந்தேன். தாயி, எந்திரி. வெடிக்காரன் நான் சொல்றேன்ல.

— இவன் உங்கட மகனோ ஐயா?

— ஆமா தாயி. என் பேருதான் அரியமுத்து.

— நீங்களோ அது? என்ர மனிசன் பெரிய ஆளெண்டு நினைச்சவர்.

— என்னா சொல்றாடா இவ? அந்த மைக்குல என் பேரையா சொன்ன?

— சொன்னேம்ப்பா.

— சொல்லி?

— கோயிலுக்கு வரச் சொன்னேன். வந்தாங்க. அங்க எங்க பட்டாளத்து ஷெல்லே வுழுந்துச்சு.

— அதத்தான் நான் சந்தையெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சனா? இத்தினி வருசத்துல என் பேரச் சொல்லி ஒரு உசுரு போனதில்லடா இந்தக் குழியில.

— நீ மேல போப்பா. இவங்க எந்திரிக்கிற வரைக்கும் நானும் இங்கதான் குந்தியிருப்பேன்.

— நீ குழிக்குள்ள குந்திக்கிட்டா நான் எப்படிடா துணிய எறக்குவேன்?

— கேட்டீரே தம்பி, அப்பா சொல்றதை? அண்டைக்கும் நீர் ஜீப்பை விட்டு இறங்கி, எங்களோட மண்டபத்துக்குள்ள வந்து இப்பிடி இருந்திருக்கலாமே.