மைத்துனர் தலையில் இலைக்கருகல் கண்ட விவரம்

ஏட்டையா பெயர் கேட்டதற்கு, ஊரார் என்னைப் ‘பீரங்கி’ என்றே கூப்பிடுவதால் அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன். வயது ஐம்பத்தெட்டு, பார்ப்பவர்கள் நாற்பதுக்கு மேல் சொல்வதில்லை. தங்கையின் உருளைக்கிழங்கு வயலை ஒட்டிய தகரக்கூரை வீட்டில் குடியிருக்கிறேன். என் மீது புகார் கொடுத்திருப்பவர் தங்கையின் கணவர்.

தங்கையின் கைபேசியில் ஒரு செயலி இருக்கிறது. இலையைப் படமெடுத்துக் காட்டினால் என்ன நோய், எப்போது மருந்தடிக்கலாம், எப்போது தோண்டலாம் என்று சொல்லிவிடும். நேற்று மதியம் கிழங்கு தோண்டி மூட்டை கட்டிய களைப்பில் எல்லோரும் ஓய்ந்திருந்தபோது, இத்தனை பெரிய அறிவாளிக்குத் தெரியாதது எது என்று அறியும் ஆவல் எனக்குள் எரிமலையாகப் பொங்கியது. முதலில் என் உள்ளங்கையைக் காட்டினேன். ஆரோக்கியமான இலை என்றது. அதன் பின்னர் செருப்பைக் காட்டினேன். சத்துக் குறைபாடு என்றது. அதன் கண்ணுக்கு இந்த உலகமே உருளைக்கிழங்கு இலைதான் என்பதை அப்போது கண்டுபிடித்தேன். இதைவிடச் சின்னக் கண்டுபிடிப்புக்கெல்லாம் சிலை வைத்திருக்கிறார்கள்.

அதன் பின்னர், மரத்தடியில் தூங்கிய மைத்துனரின் தொப்பி நழுவிக் கிடந்ததைப் பார்த்தேன். சொந்தக் கல்யாணத்திலேயே கழற்றாத தொப்பி. வெயிலில் தோல் உரிந்து வட்டவட்டத் திட்டுகளோடு, முழுநிலவே வெட்கப்படும்படி இருந்த அந்த வழுக்கையைப் படமெடுத்தேன். ‘இலைக்கருகல், முற்றிய நிலை’ என்று வந்தது. கீழே ‘உறுதி செய்’ என்றிருந்ததை, அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் அழுத்தினேன்.

கிடங்குக்காரர்களும் பார்க்கும் செயலி வரைபடத்தில் தங்கையின் வயல் சிவப்பாகிவிட்டது. இன்று காலை குளிர்பதனக் கிடங்கில் எங்கள் கிழங்கு லாரியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நோய் கண்ட வயலின் கிழங்கை உள்ளே விட்டால் மற்றவர்கள் கிழங்கும் அழுகும் என்றார்கள். தார்ப்பாய் எட்டாத மூட்டைகளுக்குத் தங்கை தன் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நின்றாள்.

அதன் பின்னர் மைத்துனர் என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு இழுத்துவந்தார். வேளாண் அலுவலர் அம்மாவும் வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, “இலைக்கு ஏங்க காது இருக்கு?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். சிவப்பை நீக்க வேண்டுமானால், விதிப்படி அதே செடியை நேரில் பார்த்து மறுபடி படமெடுத்தாக வேண்டும் என்றார்.

மைத்துனர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “மொத்தக் கிழங்கும் அழுகட்டும் மச்சான், இதை மட்டும் கழட்டமாட்டேன்.”

அப்போது குடையோடு உள்ளே வந்த தங்கை, “நான் காஞ்சு கருவாடா நிக்கிறேன், உங்க தலைக்கு மட்டும் ராஜ மரியாதையா?” என்றாள்.

அவரே கழற்றினார். ஏட்டையாவின் பேனா நின்றது. அலுவலர் அம்மா படமெடுத்தபோது குழல்விளக்கு வெளிச்சம் மண்டையில் பட்டுத் தெறித்ததால் மறுபடியும் இலைக்கருகல் என்றே வந்தது. அதன் பின்னர் தங்கை அவர் தலைக்கு மேல் குடையை விரித்துப் பிடித்தாள். ‘ஆரோக்கியமான இலை’ என்று வந்து வயல் பச்சையானது. லாரியை உள்ளே விட்டதாகக் கிடங்கிலிருந்து போன் வந்தது.

இவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நிலவு வெட்கப்பட்டதைத் தவிர மற்ற அனைத்தும் நடந்தவையே என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். தொப்பி மேசை மேலேயே இருக்கிறது. மைத்துனர் தங்கையின் குடைக்குள் வீட்டுக்குப் போய்விட்டார்.

(ஒப்பம்) பீரங்கி