பின்சக்கரம் பிடிக்கணும்

பஞ்சர் இல்ல தம்பி. பஞ்சர்னா நான் ஏன் இவ்வளவு தூரம் வரேன், எங்க தெருமுனையிலேயே ஒட்டிடுவாங்களே. வழுக்குது. பின்னாடி வழுக்குது. ஆக்சிலேட்டரை லேசா தொட்டாப் போதும், பின்சக்கரம் ரெண்டும் நின்ன இடத்துலயே சுத்துது, வண்டி வாலை வீசுது. அப்படித்தான் அவர் சொல்வார், வாலை வீசுதுன்னு. எங்க வீட்டுக்காரர்தான், வண்டிக்குள்ள உக்காந்திருக்கார் பாருங்க. நாங்க வந்தப்போ நீங்க உள்ள போன்ல இருந்தீங்க. இல்ல இல்ல, இறங்க மாட்டார், கூப்பிடாதீங்க. நீங்க என்கிட்டயே பேசுங்க.

ஆமா, எஞ்சின் பெருசு, இழுக்கிறது பின்சக்கரம். இந்த வயசுல இந்த வண்டி எதுக்குன்னுதானே பாக்குறீங்க? பாருங்க, எல்லாரும் பாக்குறாங்க. அவர் டிரைவிங் ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தவர் தம்பி. ஆயுசு பூரா ஒரு ஓட்டை வண்டியில, ரெண்டாம் கியருக்கு மேல போகாம, அடுத்தவன் உருட்டுறதுக்குப் பக்கத்துல உக்காந்து உயிரைக் கையில புடிச்சிட்டிருந்த மனுஷன். ரிட்டயர் ஆனதும் போய் இதைப் புடிச்சிட்டு வந்தார். நான் தலையில அடிச்சுக்கிட்டேன். என்ன பண்றது, ஆசைப்பட்டுட்டார்.

இந்தப் பின் பம்பர்ல கீறல் பாருங்க. போன வாரம் மழையில ஆனது. பாலத்துல இருந்து இறங்கி இடது பக்கம் திரும்புற இடம் இருக்கில்ல, அங்கதான். வளைவு பாதிகூட முடியல, பின்னாடி சர்ருனு போயிடுச்சு. எதிர்ல ஒரு தண்ணி லாரி. அவர் மட்டும் இல்லன்னா நாங்க இப்போ போட்டோவுல இருப்போம். தடுப்புல லேசா உரசினதோட போச்சு. பயமா இருக்கு தம்பி, நிஜமாவே பயமா இருக்கு.

எங்க பொண்ணு கீறலைப் பாத்துட்டா. அவ்வளவுதான், குதி குதின்னு குதிச்சா. வண்டிய வித்துடுங்கன்னு ஒரே பிடிவாதம். அவ ஆபீஸ்ல ஒருத்தர் வாங்க ரெடியா இருக்காராம். நான் கெஞ்சிக் கூத்தாடி கடைசியா ஒண்ணுக்கு ஒத்துக்கிட்டா. நாளைக்குக் காலையில வருவா. பின்சீட்டுல உக்காருவா, அதே பாலம், அதே வளைவு. ஒரு தடவை வழுக்கினாலும் சாவிய அவ கையில குடுத்துடணும். நாளைக்கும் மழைன்னுதான் சொல்றாங்க. அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்.

முன்னாடி ரெண்டும் புதுசுதான். ஏன் சிரிக்கிறீங்க? எங்க நாத்தனார் வீட்டுக்காரர்தான் மாட்டச் சொன்னார். ஸ்டியரிங் முன்னாடிதானே இருக்கு, பிடிப்பு அங்கதானே வேணும்னு அடிச்சு சொன்னார். எனக்கும் சரின்னு பட்டுச்சு. எங்க பழைய வண்டி முன்சக்கரம் இழுக்கிற வண்டி, அதுக்கு எப்பவும் முன்னாடிதான் மாத்துவோம். இதுக்குத் தள்ளுறது பின்னாடிதான்னு எனக்கு உறைக்கவே இல்ல. புதுசை முன்னாடி போட்டு, கிழடை பின்னாடி விட்டுட்டோம். அதுக்கப்புறம்தான் இன்னும் மோசமா ஆட ஆரம்பிச்சுது.

கேளுங்க, அதோட விட்டாரா மகானுபாவர்? பின்னாடி கனம் பத்தலன்னு டிக்கியில மணல் மூட்டை வேற ஏத்தி வச்சார். கனம் இருந்தா சக்கரம் ரோட்டைக் கவ்வுமாம். நேரா போறப்போ கவ்வுச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். திரும்புறப்போ மூட்டை ஒரு பக்கமா உருண்டு, வண்டியவே இழுத்துக்கிட்டு போகப் பாத்துச்சு. ஒண்ணு கிழிஞ்சு, இன்னும் கார்ப்பெட்டுல மணல் வருது. அவரைக் கேட்டா, மூட்டைய இறுக்கக் கட்டலைங்கிறார். ஆளு மாறவே மாட்டார்.

ஏன், பின்னாடி டயர்லயும் பட்டன் நல்லாத்தானே இருக்கு? கோடெல்லாம் ஆழமாத்தானே தெரியுது? எங்க, நானும் அமுக்கிப் பாக்குறேன்... அட ஆமா, நகமே இறங்கல. காஞ்ச செருப்பு மாதிரில்ல இருக்கு. பாக்கப் புதுசு, உள்ள செத்துப் போச்சுங்கிறீங்க. ஓடாம நின்னா இப்படி இறுகிடுமா? ஆமாம்பா, நின்னுச்சு. கவரைப் போட்டு மூடி அப்படியே ஷெட்லயே கிடந்துச்சு. போன வருஷ மழைக்கும் அதுக்கு முந்தின வருஷ மழைக்கும் வெளியவே எடுக்கல. ஓட்ட முடியல. அதை விடுங்க, இப்போ என்ன போடலாம்னு சொல்லுங்க.

மெத்துனு இருக்கிற ரப்பரா? சீக்கிரம் தேஞ்சிடுமா? தேஞ்சா தேயட்டும், ரோட்டைப் புடிக்குதில்ல, அதுதான் வேணும். இதைவிடக் கொஞ்சம் அகலமா போடலாமா? வேணாமா? மழைக்கு அகலத்தைவிடத் தண்ணிய வெளிய தள்ளுற கோடுதான் முக்கியமா? சரி, நீங்க சொல்றதே போடுங்க. அப்புறம் உள்பக்கமா கொஞ்சம் தேஞ்சிருக்குன்னீங்களே, அந்த அலைன்மெண்டையும் பாத்துடுங்க. காத்து? நாத்தனார் வீட்டுக்காரர் பாதி காத்தை இறக்கி விட்டிருக்கார், அதையும் சரி பண்ணுங்க. அந்த மனுஷனை வீட்டுப் பக்கமே சேக்கக் கூடாது.

ஆங், அந்த சுவிட்சு. இருக்கு, சக்கரம் வெறுமனே சுத்தினா வண்டியே அடக்குமே, அதானே? அதை அவர் அணைச்சிடுறார் தம்பி. நான் போடுவேன், அவர் அணைப்பார். திரும்பப் போடுவேன், கை தானா போய் அணைச்சிடும். இது இருந்தா ரோடே தெரியலைங்கிறார். அன்னைக்கும் அணைச்சுத்தான் இருந்துச்சு. ஐயோ, நீங்க போய் அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. நான் பாத்துக்கிறேன். நாளைக்கு ஒரு நாளாவது கையைக் கட்டிப் போட்டாவது பாத்துக்கிறேன்.

என்னது, விக்கிறதா? நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா? டயர் கேட்டா டயர் குடுங்க தம்பி, புத்தி சொல்ல எங்க வீட்டுலயே ஆள் இருக்கு. சின்ன வண்டி நல்லதுதான், யார் இல்லன்னது.

கோவிச்சுக்காதீங்க. எனக்குத் தூக்கமில்ல, அதான். உங்களுக்கு எப்படிச் சொல்றது... அவர் ரூமை விட்டே வர மாட்டார் தம்பி. கட்டிலு, ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அவ்வளவுதான் உலகம். வண்டி எடுக்கிற அன்னைக்குத்தான் ஷேவ் பண்ணுவார், சட்டை எதுன்னு கேப்பார். மத்த நாள்ல ரொம்ப மரியாதை. தண்ணி குடுத்தா தேங்க்ஸ்ங்கிறார். எனக்கு! கட்டின பொண்டாட்டிக்கு! உனக்குச் சிரமம் இல்லன்னா ஃபேனைப் போடேன்கிறார். எங்க வீட்டுல யாரோ விருந்தாளி வந்து தங்கின மாதிரி இருக்கு. முன்னாடியெல்லாம் உப்பு ஒரு கல்லு கூடினா வீடே அதிரும். அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாம அம்மா வீட்டுக்குப் போயிடலாமான்னு நெனச்சவதான் நான். இப்போ இந்த அமைதியைத் தாங்க முடியல.

தம்பி, தம்பி, நில்லுங்க. டயரைத் தூக்கிட்டு எங்க போறீங்க? அவர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்னா? சரி, காட்டுங்க, சந்தோஷப்படுவார். ஆனா ஜன்னல்கிட்ட தூக்கிப் புடிச்சா ஆகாது, கதவைத் திறந்து மடியில வைங்க. தடவிப் பாத்துச் சொல்வார். அவருக்குக் கண்ணு தெரியாது தம்பி. ஓட்டுறது நான்.

ஏன் இப்படிப் பாக்குறீங்க? லைசென்ஸ் இருக்கு, பயப்படாதீங்க. சர்க்கரையில போச்சு பார்வை, ஒரு கண்ணு, அப்புறம் இன்னொரு கண்ணு. வண்டி ஷெட்ல செத்துக் கிடக்கிறதைப் பாத்துப் பாத்து, நானே போய்க் கத்துக்கிட்டேன். ஊருக்கே சொல்லிக் குடுத்தவர் எனக்கு மட்டும் சொல்லிக் குடுக்கல, தெரியுமில்ல? அவருக்கு ஆகாத ஸ்கூல்லதான் சேந்தேன்.

அன்னைக்கு வளைவுல வாலை வீசுச்சில்ல, நான் வீல்னு கத்திட்டு பிரேக்கை மிதிச்சுட்டேன். பக்கத்துல இருந்து ஒரு கத்து. அடியே மண்டு, பிரேக்குல இருந்து காலை எடுடின்னு. எட்டி ஸ்டியரிங்கைப் புடிச்சார், வால் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே திருப்பினார். ஒண்ணுமே தெரியாம, உக்காந்திருந்த இடுப்பை வச்சே கண்டுபுடிச்சார். லாரி தாண்டிப் போச்சு. வண்டிய ஓரங்கட்டி நிறுத்தினப்புறமும் விடல, மூளை இருக்கா, காலா அது உலக்கையான்னு வீடு வர்ற வரைக்கும் திட்டு. கண்ணு போனதுல இருந்து அவர் என்னைத் திட்டினதே இல்ல தம்பி. பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். துக்கத்துல இல்ல.

அவசரமே இல்ல, நிதானமா மாட்டுங்க. லேட்டானா திட்டுவார்.