நாலு எலுமிச்சம்பழம்

மொதமொத எனுக்கு துரோகம் பண்ணவன் நடேசன். அவனுக்கு அப்பால வந்தவங்கதான் நீங்கள்லாம். கோச்சிக்காத நைனா. பழத்த மாத்திக் குடுன்னு கேட்டியே, மாத்தறேன். வண்டிக்கு பூஜ போட ஐயரு வர்றதுக்கு இன்னும் டைம் கீது. உன் வண்டிய யாரும் தூக்கிக்கினு போவ மாட்டான், நில்லு.

நடேசன் யாரா? என் மச்சான். ஊட்டுக்காரி கண்ணம்மாவோட தம்பி. அவங்கம்மா செத்துப் போவசொல்ல அவனுக்கு நாலு வயசு. இவதான் இடுப்புல தூக்கிக்கினு, சோறு பெசஞ்சி ஊட்டி வளத்தா. வளந்தவன் ஆவடில எடம் வாங்கி விக்கற தொழில்ல பூந்தான். ஊடு கட்னான். அப்பால காரு. உன்து மாரியே வெள்ளக் காரு, சீட்டு மேல சுத்தின பிளாஸ்டிக்கு கூட பிரிக்கல. இதே கோயிலாண்ட, இதே எடத்துலதான் நிறுத்தினான்.

எங்க கடைலதான் பழம் வாங்க வந்தான். வந்து நிக்கசொல்ல இவ பொத்துனு உயுந்துட்டா. வாயி ஒரு பக்கமா கோணிக்கிச்சி. டேய் நடேசா, தூக்குடா, வண்டில போட்டு ஆஸ்பத்திரிக்கு உடுடான்னேன். அவன் அக்காவ பாக்கல நைனா. சீட்ட பாத்தான்.

பூஜ ஆவாத வண்டி மாமா, மொத சவாரியே ஆஸ்பத்திரின்னா ஊட்டுக்கு ஆவாது, பத்தே நிமிசம்னான்.

வண்டிக்கு திருஷ்டி பட்டுடப் போவுதாம். கீழ கெடந்தவளுக்கு இன்னா ஆனாலும் பரவால்ல.

ஆட்டோவா? புட்ச்சிருக்கணும். பத்து நிமிசந்தானேன்னு நின்னுட்டேன். சீக்கிரம் முடியட்டும்னு நானே குனிஞ்சி நாலு சக்கரத்துக்கும் பழம் வெச்சேன், இந்தக் கையால. ஐயரு வந்து, கற்பூரம் காட்டி, அவன் பொண்டாட்டி நின்னு போட்டோ புட்ச்சி, முக்கா மணி நேரம் ஆச்சி. பழம் நசுங்குச்சி. அப்பால டிக்கிலருந்து ஒரு பழைய கோணிய எட்த்தாந்து சீட்டு மேல விரிச்சான். இப்ப ஏத்து மாமான்னான்.

ஏத்துவனா? ஆட்டோ புட்ச்சி இஸ்துக்கினு போனேன். கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா கை வந்திருக்கும்னாரு டாக்டரு.

நாலு வருசம் ஆச்சி. ரெண்டு தெரு தள்ளிதான் கீறான். இந்தப் பக்கம் வந்தா கண்ணாடிய ஏத்திக்கினு போறான்.

பொழச்சிட்டாளாவா? பொழச்சிட்டா. பேச்சு போச்சி, சோத்தாங்கை போச்சி. காலைல கடைக்கு இட்டாந்து குந்த வெச்சிடுவேன். பழம் பொறுக்கறதுல மட்டும் இன்னிக்கும் அவதான் கெட்டி. ஒரு சொத்தப் பழம் எடுக்க மாட்டா.

இந்தா, நீ கேட்ட வேற நாலு பழம். சோத்தாங்கையாலதான் குடுக்கறேன், புட்ச்சிக்கோ. பீச்சாங்கையால குடுக்குதேன்னு மூஞ்ச சுளிச்சிக்கினு கூடைலயே திருப்பிப் போட்டியே, அவதான் கண்ணம்மா. நடேசன் ஒரு நாளு வந்து, அவ அந்தக் கையால குடுக்கற ஒரு பழத்த வாங்கணும். இன்னும் வரல.