கொக்கிரகுளத்தில் கவிழ்க்கப்பட்ட மின்சாரக் கார்

திருநெல்வேலி கட்டபொம்மன் மாவட்டம், பாளையங்கோட்டை. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 9-ஆம் தேதி, தாமாகக் காவல் நிலையத்தில் ஆஜரான சாட்சியை ஆய்வாளர் விசாரித்துப் பதிவு செய்த வாக்குமூலம்.

பெயர்: சிவசங்கரன். வயது: 43. தகப்பனார் பெயர்: ஐயம்பெருமாள், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். முகவரி: தெற்கு பஜார் அருகில், பாளையங்கோட்டை. தொழில்: வண்ணாரப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை.

விசாரிக்கச் சொல்வதாவது:

நான் மேற்படி முகவரியில் என் மனைவி பிரம்மநாயகியுடன் குடியிருந்து வருகிறேன். இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டுத் தலையில் காயத்துடன் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இருக்கும் கார்த்திகேசன் என் தங்கை விஜயஸ்ரீயின் கணவர். கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறார். கடந்த 7-ஆம் தேதி காலையில் கொக்கிரகுளத்தில் பால்காரர் அப்பாத்துரை சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்ததை நான் நேரில் பார்த்தேன். நான் அங்கே இருந்த காரணத்தைச் சொல்லாமல் பார்த்ததை மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால் அதையும் சொல்கிறேன்.

பெட்ரோல் இல்லாமல், புகை இல்லாமல், பேட்டரியில் ஓடும் சிறிய கார் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் முதலில் நினைத்தவன் நான். ஒரு பழைய ஜீப்பின் அடிச்சட்டத்தை வாங்கி, இரும்புத் தகட்டில் உடல் அடித்து, லாரி பேட்டரிகளை வரிசையாக வைத்து ஒரு வண்டி கட்டினேன். பல வருட உழைப்பு அது. அந்த வண்டிக்கு இருக்கை உறை தைத்துக் கொடுத்தவள் என் தங்கை. என் தகப்பனாரை ஏற்றிக்கொண்டு ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறினேன். வண்டி பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்குவதுபோல முனகி நின்று, பின்னோக்கி உருள ஆரம்பித்தது. பின்னால் வந்த பஸ்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். அதன் பிறகு அந்த வண்டி பட்டறைக்குப் பின்னால் நிற்கிறது.

அதன் பிறகு கார்த்திகேசன் ஒருநாள் என் பட்டறைக்கு வந்து, என் ஸ்டூலில் உட்கார்ந்து, "அத்தான், எடையக் கொறச்சா சின்ன மோட்டார் போதும். சின்ன மோட்டாருக்குப் பேட்டரி கொஞ்சமாப் போதும். பேட்டரி கொறஞ்சா எட இன்னும் கொறையும். அங்கன இருந்துதான் தொடங்கணும்" என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே அது சரி என்று எனக்குத் தெரிந்தது. நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. "பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவர் என் தகப்பனார் வீட்டு வண்டிக் கொட்டகையில் வேலையைத் தொடங்கினார். நான் கேட்டபோது விறகு கிடக்கிறது என்று சொன்ன கொட்டகையை மருமகனுக்கு என் தகப்பனாரே நின்று காலி செய்து கொடுத்தார். இலேசான குழாய்களைப் பற்றவைத்துக் கூடு கட்டி, மேலே ஃபைபரில் உடல் வார்த்து, மொபெட் சக்கரங்கள் நான்கு பூட்டி, இரண்டு பேர் மட்டும் உட்காரும்படி அந்தக் காரைச் செய்தார். மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும்படி என்னைத்தான் முதலில் கேட்டார். வேலை அதிகம் இருப்பதாகச் சொன்னேன். அன்று பட்டறையில் வேலை ஒன்றும் இல்லை. மதுரையில் கட்டிக்கொண்டு வந்தார். அந்தக் காயிலை நான் இன்னும் நன்றாகக் கட்டியிருப்பேன்.

கடந்த சித்திரையில் அந்தக் கார் தெருவுக்கு வந்தது. பார்ப்பதற்குச் சோப்பு டப்பா போல இருந்ததால் ஜனங்கள் அப்படியே அழைத்தார்கள். கார்த்திகேசன் என் தகப்பனாரை ஏற்றிக்கொண்டு அதே மேம்பாலத்தில் ஏறி, டவுனில் ஆர்ச் வரை போய்த் திரும்பினார். வீட்டு வாசலில் இறங்கிய என் தகப்பனார் என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை வண்டி ஓடுதுலே. ஒன் வண்டி நிக்கி" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் சொன்னார். அன்று அந்த வீட்டில் எல்லோரும் பாயசம் சாப்பிட்டார்கள். நான் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்ததிலிருந்து கார்த்திகேசன் தினமும் காலையில் அந்தக் காரில் என் தங்கையை டவுனில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். நான் என் ஸ்கூட்டரில் சற்றுத் தள்ளிப் பின்தொடர்ந்து போய்வந்தேன். பிரம்மநாயகி கேட்டதற்குச் செம்புக் கம்பி வாங்கப் போவதாகச் சொன்னேன். அந்தக் கார் நடுரோட்டில் நின்றுபோகும் நாளில் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். உதவி செய்வதற்காக அல்ல. பார்ப்பதற்காக.

அது நிற்கவில்லை. மழையிலும் நிற்கவில்லை. அந்தக் காரில் இஞ்சின் சத்தம் கிடையாது என்பதால் அவர்கள் இருவரும் வீட்டுக்குள் பேசுவதுபோல மெதுவாகப் பேசிக்கொண்டு போவார்கள். என் தங்கை சிரிப்பது பின்கண்ணாடி வழியாகத் தெரியும். என்ன பேசினார்கள் என்பது என் ஸ்கூட்டர் சத்தத்தில் எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

சம்பவத்தன்று காலையிலும் அப்படியே போய்க்கொண்டிருந்தேன். வண்ணாரப்பேட்டை தாண்டிக் கொக்கிரகுளத்தில் ஆற்றுப் பாலத்தை நெருங்கும் இடத்தில் பால்காரர் அப்பாத்துரை பின்சீட்டில் கேன் கட்டிய சைக்கிளில் ரோட்டின் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கார்த்திகேசனின் கார் மெதுவாக வந்தது. அதற்குப் பின்னால் நான். அப்போது ஒரு பச்சை நிறத் தனியார் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு என்னையும் காரையும் முந்தி, எதிரே லாரி வந்ததால் திடீரென்று இடது பக்கம் ஒடித்தது. பேருந்தின் பின்பகுதி பால் கேனின் மேல் விளிம்பில் தட்டியது. சைக்கிள் சுழன்று, அப்பாத்துரை காருக்கு நேர் முன்னால் ரோட்டில் விழுந்தார். பேருந்து நிற்காமல் பாலத்தில் ஏறிப் போய்விட்டது. அதன் இடது பக்கப் பின்விளக்கு உடைந்திருந்தது. திரும்பப் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்.

கார்த்திகேசன் பிரேக் போட்டார். கார் அப்பாத்துரை மேல் ஏறவில்லை, தொடவும் இல்லை. கவிழ்ந்த கேனிலிருந்து ஓடி வந்த பால்தான் முன்சக்கரத்தில் பட்டது. என் வண்டியாக இருந்தால் அந்தப் பாரத்துக்கு அந்தத் தூரத்தில் நின்றிருக்காது. இதை நான் அந்த இடத்திலேயே நினைத்தேன்.

அதன் பிறகு கார்த்திகேசன் இறங்கி அப்பாத்துரையைத் தூக்க முயன்றார். சந்தையிலிருந்தும் பஸ் நிறுத்தத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். பேருந்தை அவர்கள் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்தது இந்தக் கார் மட்டும்தான். "ஏலே, சத்தமே இல்லாம வந்து ஏத்திப்புட்டான்லே" என்று ஒருவர் கத்தினார். யாரோ பின்னாலிருந்து அடித்ததில் கார்த்திகேசன் தலை காரின் கதவு விளிம்பில் மோதி ரத்தம் வந்தது. அடித்தவரை எனக்குத் தெரியாது. புகார் கொடுத்த கருத்தையா, அப்பாத்துரையின் தம்பி, எல்லாம் முடிந்த பிறகுதான் அங்கே வந்தார். அவர் கேள்விப்பட்டதைச் சொல்லியிருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அந்த நேரத்தில் என் தங்கை கூட்டத்துக்குள் என்னைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, நீ பின்னாலதான வந்த? பஸ்ஸுதான தட்டிச்சு? சொல்லுண்ணே, இவங்ககிட்டச் சொல்லு" என்று சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பயம் இல்லை. சொன்னால் கேட்டிருப்பார்கள். வண்ணாரப்பேட்டையில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. நான் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு சிலர் காரைப் பிடித்துத் தூக்கி ஆற்றங்கரைச் சரிவில் புரட்டிவிட்டார்கள். அவ்வளவு எளிதாகத் தூக்கினார்கள். கட்டிலைத் தூக்குவதுபோல. இவ்வளவு இலேசாக எப்படிச் செய்தார் என்றுதான் அப்போது என் மனதில் ஓடியது. என் தங்கை தன் சேலைத் தலைப்பால் கணவர் தலையைப் பொத்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அதன் பிறகு என்னைப் பார்க்கவில்லை. நான் பட்டறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் என் தகப்பனார் வந்து, அதிவேகமாக ஓட்டி ஆளைக் காயப்படுத்தியதாகக் கார்த்திகேசன் பேரில் வழக்குப் பதிவாகியிருப்பதாகவும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கைது செய்வார்கள் என்றும், கல்லூரி வேலை போய்விடும் என்றும், பின்னாலிருந்து என்னமோ தட்டியது என்று மட்டும் பால்காரர் சொல்வதாகவும் சொன்னார். "நீ அங்கன இருந்தியாம்லா?" என்று கேட்டார். வேலையாகப் போனேன், எதையும் பார்க்கவில்லை என்றேன். அவர் திரும்பிப் போனார்.

இன்று காலையில் நான் இந்த நிலையத்துக்கு வந்தது சாட்சி சொல்வதற்காக அல்ல. கைப்பற்றிய கார் பின்வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிற்பதாகக் கேள்விப்பட்டு, அதைப் பார்ப்பதற்காக வந்தேன். இத்தனை நாள் தூரத்திலிருந்து பார்த்த வண்டி அது. பிரேக்கில் குறை இருக்கும், பற்றவைப்பில் குறை இருக்கும், இருந்தால் என் மௌனத்துக்கு ஒரு நியாயம் கிடைக்கும் என்று எண்ணினேன். உறவுக்காரர் என்று சொன்னதால் காவலர் மகாராஜன் அனுமதித்தார். மண்ணில் படுத்து அடியில் பார்த்தேன். பேட்டரிப் பெட்டியை இருக்கைகளுக்குக் கீழே, தரையோடு தரையாகத் தொங்கவிட்டிருந்தார். பாரம் கீழே இருந்தால் திருப்பத்தில் சாயாது. நான் என் வண்டியில் பேட்டரிகளை முதுகுக்குப் பின்னால் மேலே அடுக்கியிருந்தேன். பிரேக் கம்பிகளை இழுத்துப் பார்த்தேன், சரிவில் உருண்ட பிறகும் சரியாகப் பிடித்தன. நான் அடியிலிருந்து வர நேரமானதால் மகாராஜன், "என்ன வே, அடியில எதைத் தேடுதீரு?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆய்வாளரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

காரின் முன்பகுதி தரையிலிருந்து என் முழங்கால் உயரம்தான் இருக்கிறது. பால் கேனின் நசுங்கல் அதன் மேல் விளிம்பில், என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. காரும் கேனும் இதே வளாகத்தில் இருப்பதால் அளந்து பார்க்கலாம். கேனில் நசுங்கிய இடத்தில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. காரின் நிறம் மஞ்சள்.

அந்த வாகனத்தின் அமைப்பில் விபத்துக்குக் காரணமான குறை ஏதாவது உண்டா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, இந்த ஊரில் அதில் குறை தேடுவதற்கு என்னைவிட ஆசைப்பட்டவர் யாரும் இல்லை, நான் தேடிவிட்டேன், ஒன்றும் இல்லை என்று சொல்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. அந்தக் காரை நான் செய்திருக்க வேண்டும் என்று இந்த நிமிடமும் நினைக்கிறேன். கடைசி இரண்டு வாக்கியங்கள் வழக்குக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாமா என்று எழுதிக்கொண்டிருந்த காவலர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் நானாக வந்து சொன்னவை இவை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஐ. சிவசங்கரன்

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) காவல் ஆய்வாளர்