மூணே முக்கால் வண்டி

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் அருவி எங்கே என்று விசாரிப்பதற்கு முன்னால் திரும்பி வரும் பஸ்ஸை விசாரிக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக நான் இதைச் சொல்லி வருகிறேன், கேட்கிறவர்கள்தான் இல்லை. எங்கள் கம்பெனி வண்டி மலைக்கு நாளொன்றுக்கு மூன்றே டிரிப். கடைசி வண்டியை விட்டவன் புளியமரத்து நிறுத்தத்தில் கொசுவோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, என் பெயர் பாண்டுரங்கன். திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் ஒரு தனியார் கம்பெனிக்கு டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று கரும்பலகையில் எழுதுவதும், நேரம் வந்ததும் விசில் ஊதி அனுப்பி வைப்பதும் என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும், அதனால் உங்கள் ரைட்டருக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே எழுதித் தருகிறேன். என் தங்கை திரௌபதியின் கணவர் ராஜாக்கண்ணு, போன மாதம், அதாவது 1983 மே எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மலையில் ஆனைமடுவில் மூழ்கி இறந்து போனார். அதை விபத்து என்று எழுதி நீங்கள் ஃபைலை மூடிவிட்டீர்கள். இன்றைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. அந்த ஃபைலில் இரண்டு பிழைகள் இருக்கின்றன, அதைத் திருத்தத்தான் வந்தேன். தப்பான நேரம் எழுதிய காகிதம் ஒன்று எங்கேயோ இருக்கிறது என்றால் எனக்குச் சோறு இறங்காது.

ராஜாக்கண்ணு நல்ல மனுஷர். மெட்ராஸ் துறைமுகத்தில், கப்பலின் அடிப்பக்கத்தைத் தண்ணீருக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிற உத்தியோகம். முதுகில் காற்று அடைத்த சிலிண்டர், வாயில் கவ்விக்கொள்ள ஒரு ரப்பர், காலில் வாத்துக்கால் மாதிரி செருப்பு. வேலையில் மூழ்கியது போதாது என்று லீவிலும் மூழ்குவார். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரே எங்களுக்குக் கடல். ஆனாலும் அவர் மாப்பிள்ளையாக வந்த எட்டு வருஷத்தில், குடும்பத்தோடு எங்கே போனாலும் "ஒரே ஒரு மணி நேரம் மச்சான்" என்று ஆரம்பித்துவிடுவார். ஒகேனக்கல்லுக்குப் போனால் ஒரு மணி நேரம். ராமேஸ்வரத்துக்கு எங்கள் அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போனபோதும் ஒரு மணி நேரம். பிண்டம் கரைத்த கையோடு நாங்கள் நான்கு பேரும் வெயிலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய ஒரு மணி நேரத்துக்கு நூற்றிருபது நிமிஷம்.

அவர் மேலே வந்ததும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. என் மனைவி சாந்தம்மாள் துண்டை நீட்டுவாள். என் மகள் பூங்கோதை, பதின்மூன்று வயசு, "இன்னா மாமா பாத்த, இன்னா பாத்த" என்று அவர் ஈரத் தோளைப் பிடித்துத் தொங்குவாள். நான் ஒரு நாள் கால் மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போனால் ஆறின சோற்றுக்கு என்னைக் கணக்குக் கேட்பார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இதில் எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. நடப்பைச் சொல்கிறேன்.

மலைக்குப் போகலாம் என்பது என் யோசனை. பத்தொன்பது வருஷம் அந்த வண்டிக்கு விசில் ஊதியிருக்கிறேனே தவிர ஒரு தடவையும் ஏறிப் போனதில்லை. லீவு வாங்கி, கார்பன் தாள் வைத்து ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பிரதியாக நேரத்தாள் எழுதினேன். காலை 6.10 புறப்பாடு. 9.00 சிற்றுண்டி. 10.00 அருவி. 12.00 சாப்பாடு. 1.00 முதல் 1.30 வரை ராஜாக்கண்ணு குளியல். மாலை 3.45 கடைசி வண்டி. அவருக்கும் நான் இடம் ஒதுக்கியிருந்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் பலகையில் மறுநாளைய நேரங்களை எழுதி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் சிலிண்டரை நிறுத்தி வைத்து ராஜாக்கண்ணு எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். சிலிண்டரின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய கம்பி ஒன்று ஓடியது.

"இந்தக் கம்பி மேல இருக்கணும்" என்றார். "காத்து தீரப் போற நேரத்துல மூச்சு இழுக்க கனமா இருக்கும். அப்போ கைய பின்னால வுட்டு கம்பிய கீழ இழுப்பேன். ஒதுக்கி வெச்ச காத்து கொஞ்சம் வரும். அத வெச்சிக்கினு மேல வந்துடுவேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க பாஷைல சொன்னா இதான் மச்சான் கடைசி வண்டி. வூட்டுக்கு வர்றதுக்குன்னு தனியா நிறுத்தி வெச்சது. நாளைக்கு இத பாத்துக்குற வேலை உங்களுது. உங்கள வுட்டா யாரு கீறா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அவர் அப்படிச் சொன்னார். அந்த நல்ல எண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் நேரத்தாள்படியே நடந்தது. நிறுத்தத்திலிருந்து மடுவுக்கு ஒரு மணி நேர நடை. மலையில் சாமை பயிரிடுகிற சின்னராசு என்பவர் வழி காட்டினார், சிலிண்டரையும் அவரே தோளில் சுமந்து வந்தார். மடு பார்ப்பதற்குச் சிறியது, ஒரு மாட்டுக் கொட்டகை அகலம் இருக்கும். தண்ணீர் கறுப்பாக இருந்தது.

"அடியில பாறைக்குள்ள ஒரு பொந்து கீதுங்க" என்றார் சின்னராசு. "உள்ள ரொம்ப தூரம் போவுது. எங்காளுங்க யாரும் நொழையறதில்லீங்க."

ராஜாக்கண்ணுவின் முகம் கல்யாணச் சாப்பாட்டுக்கு இலை போட்ட மாதிரி மலர்ந்துவிட்டது. "பொந்துக்குள்ள போனா குமிழி மேல வராது, பயந்துக்காதீங்க" என்று எங்களிடம் சொன்னார்.

சாப்பிட உட்காரும்போது பூங்கோதை தன்னுடைய நேரத்தாளைப் பாறைமேல் வைத்தாள். அது காற்றில் பறக்காமல் இருக்க நான் கல் வைக்கப் போனேன். 1.30 என்று நான் எழுதியிருந்ததைப் பென்சிலால் அடித்து 2.30 என்று எழுதியிருந்தது. குண்டு குண்டான எழுத்து. நான் அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்த அதே கை.

"மாமா கேட்டாராம்மா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா, நானாதான் போட்டேன். பாவம், அரை மணி நேரத்துல மாமா இன்னாத்த பாக்கும்?"

சாந்தம்மாளின் தாளை வாங்கிப் பார்த்தேன். அதிலும் 2.30. திரௌபதியின் தாளிலும் அப்படியே. என்னுடைய பிரதியில் மட்டும் 1.30 இருந்தது. எனக்கு வலித்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு வலிக்குமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எல்லோரும் கை கழுவ ஓடைப் பக்கம் போனார்கள். சிலிண்டர் பாறை நிழலில் சாத்தி வைத்திருந்தது. நான் எழுந்து போய்க் கம்பியைக் கீழே இழுத்தேன். பஸ் ஜன்னல் கண்ணாடியை இறக்குவதைவிட லேசான வேலை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 12.35.

உங்கள் ஃபைலின் முதல் பிழை இதுதான். மெட்ராஸிலிருந்து வந்து சிலிண்டரைச் சோதித்த துறைமுக ஆள், கம்பி இறங்கியிருப்பதைப் பார்த்து, இறந்தவரே சுமார் ஒன்றரை மணிக்கு இழுத்திருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். அவர்மேல் குற்றமில்லை, எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். சரியான நேரம் 12.35. இழுத்தவன் நான்.

ஒன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ராஜாக்கண்ணு சிலிண்டரை மாட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்தார். எப்போதும் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கம்பியைத் தானே தொட்டுப் பார்ப்பார். அன்றைக்கு அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார் அல்லவா.

"மச்சான், கடைசி வண்டி மேல நிக்குதா?"

"மேலதான் கீது மாப்ளே" என்றேன்.

அவர் கட்டை விரலைக் காட்டிவிட்டு இறங்கினார். மணி 12.52. பூங்கோதை பாறை நுனியில் குப்புறப் படுத்துக்கொண்டு குமிழிகளை எண்ண ஆரம்பித்தாள். நான் தொழில் முறையில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். 12.58க்குக் குமிழி நின்றது. பொந்துக்குள் போய்விட்டார் என்று சின்னராசு சொன்னார். 1.12க்கு ஒரு கொத்து குமிழி வந்தது, ஏதோ சந்து வழியாக வந்திருக்கும், பூங்கோதை கை தட்டினாள். 1.26க்கு இன்னொரு கொத்து. அதற்குப் பிறகு தண்ணீர் எண்ணெய் ஊற்றின மாதிரி அடங்கிவிட்டது.

1.40க்குப் பூங்கோதை எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா, குமிழியே வர்லப்பா."

"பொந்துக்குள்ள இருந்தா வராதுன்னு மாமாவே சொன்னாரே."

"ரொம்ப நேரமா வர்ல."

"ரெண்டரை வரைக்கும் டைம் போட்டுக் குடுத்தது நீதானேம்மா" என்றேன்.

அவள் தன்னுடைய நேரத்தாளை எடுத்து மடித்துக்கொண்டாள். திரௌபதி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணா, சின்னராச எறங்கிப் பாக்கச் சொல்லலாமா?" என்று கேட்டாள். இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். நேர விஷயத்தில் எங்கள் வீட்டில் என் பேச்சைத் தட்ட மாட்டார்கள். அந்தச் சந்தர்ப்பத்தில் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீரைப் பார்க்கவில்லை. பதினோரு நிமிஷம் அப்படிப் போயிற்று. 1.51க்குச் சின்னராசு யார் சொல்லுக்கும் காத்திராமல் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கோவணத்தோடு குதித்தார்.

மூச்சுப் பிடித்து அவர் எத்தனையோ தடவை போனார். பக்கத்துச் சாமைக் கொல்லையிலிருந்து ஆட்கள் கயிறு கொண்டுவந்தார்கள். பொந்துக்குள் நுழைந்து ராஜாக்கண்ணுவை வெளியே கொண்டுவரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவருடைய வலது கை முதுகுப் பக்கம் மடங்கி, ஏற்கனவே இறங்கியிருந்த கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. மறுநாள் காலை புளி ஏற்றின லாரியில் எல்லோரும் கீழே வந்தோம்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். கடைசி வண்டியைப் பிடிக்கத்தான். ஒதுக்கி வைத்த காற்றை முன்னாலேயே திறந்துவிட்டால் மொத்தமும் சீக்கிரம் தீர்ந்து, அவர் சீக்கிரம் மேலே வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். இரண்டு பெண்களையும் ஒரு பிள்ளையையும் காட்டில் இருட்டில் நிறுத்த முடியுமா. குடும்பத் தலைவனாக யோசித்தேன்.

இதைப் படித்துவிட்டு அந்தத் துறைமுக ஆளைக் கேட்பீர்கள். கம்பியை இறக்கினால் காற்று சீக்கிரம் தீராது, தீரப் போகிறது என்ற எச்சரிக்கைதான் இல்லாமல் போகும் என்று அவர் சொல்வார். அது எனக்குத் தெரியாது என்று எழுதலாம்தான். ஆனால் சனிக்கிழமை கூடத்தில் பூங்கோதை அதே கேள்வியைக் கேட்டாள். "கம்பி முன்னாடியே கீழ இருந்தா இன்னா ஆவும் மாமா?" அவர் அவள் தலையில் கை வைத்துச் சொன்னார்: "கனமே தெரியாதுடா கண்ணு. காத்து வரும், வரும், டக்குனு நின்னுடும். வண்டி முன்னாடியே போயிருக்கும்." நான் அப்போது சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட நான் நேரத்துக்கு முன்னால் அனுப்பியதில்லை. அது ஒன்றுதான்.

இப்போது திரௌபதி எங்களோடு இருக்கிறாள். பூங்கோதை ஒழுங்காக ஐந்தரைக்கு எழுந்துகொள்கிறாள், ஆனால் என்னிடம் மணி கேட்பதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறாள். அது சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பிழை உங்கள் அறிக்கையின் ஒன்பதாவது வரியில் இருக்கிறது. 'மாலை 3.45 பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால் குடும்பத்தார் மடுவின் கரையில் காத்திருந்தனர்.' நான் வாய்மொழியாகச் சொன்னதைத்தான் ரைட்டர் எழுதினார், அதனால் தப்பு என்னுடையது. மே எட்டாம் தேதி மூணே முக்கால் வண்டி கிடையாது. ஒரு கல்யாணப் பார்ட்டிக்கு அந்த வண்டியை அனுப்பிவிட்டார்கள். 'மலை, மாலை டிரிப் கட்' என்று சனிக்கிழமை சாயங்காலம் பலகையில் எழுதியவன் நான்தான், அதே வரி டிரிப் ரிஜிஸ்டரிலும் என் கையெழுத்தில் இருக்கும், போய்ப் பார்க்கலாம்.

வீட்டில் ஒருவருக்கும் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்கு வண்டியே இல்லையே என்று மாப்பிள்ளை பொழுது சாய்கிற வரைக்கும் தண்ணீரிலேயே இருந்திருப்பார்.